செய்கூலியும் சேதாரமும்

நகைக் கடைக்குள் நுழையும் தமிழர் இரண்டு சொற்களை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஒன்று செய்கூலி, மற்றொன்று சேதாரம். பொன்னுக்கு எடை பார்த்து விலை. அதனை அணியாக்கிய கைக்குக் கூலி. உருக்கும்போதும் அராவும்போதும் கழிந்துபோன துகளுக்கு ஈடு. சற்றுக் குறைத்துத் தருமாறு கேட்போர் உண்டு. ஆனால், செய்தவனுக்குக் கூலி எதற்கு என்று கேட்போர் எவருமிலர். பொன்னுக்கு வழங்கும் இந்த நீதி, கண்ணாடிக்கு மட்டும் இல்லாமற் போனதேன்?

தீபாவளி நெருங்கும் நாள்களில் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் துன் சம்பந்தன் சாலையைக் கண்டவர்கள் அதன் எழிலை எளிதில் மறவார். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற அவ்வட்டாரம், 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' எனப் புதுக்கோலம் பூண்டது. சேலைகளும் பலகாரங்களும் மலர்மாலைகளும் நிறைந்த அந்தச் சந்தடிக்கு நடுவே, ஓர் ஆண்டு, ஒரு சிறு மேசை இடம்பெற்றிருந்தது. அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, கண்ணாடி மணிமாலைகள் சிலவற்றை அடுக்கி வைத்திருந்தாள், கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண். கடல்நீலம், குங்குமச் சிவப்பு, மயிற்பச்சை என மின்னிய ஒவ்வொரு மணியும் அவள் கையால் உருவானது.

நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர் நீல மாலையை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன விலை, அம்மா?"

"120 வெள்ளி, அக்கா."

மலர்ந்த முகம் சுருங்கியது. "என்னம்மா இது! வெறும் பாசிமணிதானே? அடுத்த கடையில் 10 வெள்ளிக்கு இரண்டு மாலை தருகிறார்களே!"

"அவை இயந்திரத்தில் செய்தவை, அக்கா. இவை..."

அவள் சொல்லி முடிக்குமுன் மாலை மேசைக்குத் திரும்பிவிட்டது.

அந்த அம்மையாரைக் குறைகூறிப் பயனில்லை. மணி எவ்வாறு பிறக்கிறது என்பதை அவருக்கு எவரும் காட்டியதில்லை. கிள்ளானில் உள்ள அப்பெண்ணின் வீட்டுப் பின்கட்டுக்குச் சென்று பார்த்திருந்தால், அவர் வேறுவிதமாகப் பேசியிருக்கக்கூடும்.

அங்கே எரிவாயுச் சுடருக்கு முன் அவள் அமர்கிறாள். ஒரு கையில் களிமண் கலவை பூசிய மெல்லிய எஃகுக் கம்பி. மறு கையில் எழுதுகோல் பருமனுள்ள கண்ணாடிக் குச்சி. சுடரிற் பட்ட கண்ணாடி சிவந்து, தேன்போல் இளகுகிறது. அதனைக் கம்பியின்மேல் சுற்ற வேண்டும். சுழலும் கம்பி ஒரு கணமும் நிற்கலாகாது. நின்றால் மணி ஒருபுறமாகத் தொங்கிவிடும். எளிய மணி ஒன்றுக்குப் பத்து நிமிடம். புள்ளியும் கொடியும் இட்டதாயின் அரைமணி நேரமும் ஆகலாம். முடிந்த மணியை அப்படியே வெளிக்காற்றில் விட்டால், மேற்புறம் முந்தியும் உட்புறம் பிந்தியும் குளிர்ந்து, அந்த இழுபறியில் வெடித்துவிடும். ஆகவே, ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் சூடுள்ள சிறு மின்னுலையில் வைத்து, இரவெல்லாம் சிறுகச் சிறுக ஆறவிட வேண்டும். மறுநாள் கம்பியை உருவி, துளையிலுள்ள களிப்பொடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இத்தனைக்குப் பின்னும் சில மணிகளில் மயிரிழைக் கீறல் தோன்றும். அவற்றை விற்க அவள் மனம் ஒப்புவதில்லை.

அந்த ஆண்டு விற்றவை இரண்டே மாலைகள். மனம் சோர்ந்த அவள், மறு ஆண்டு தீபாவளிக்கு விலையை 60 வெள்ளியாகக் குறைத்தாள். மாலைகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. மகிழ்ச்சியோடு வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தாள். கண்ணாடி, எரிவாயு, மின்கட்டணம் ஆகியவற்றுக்கே மாலைக்கு 40 வெள்ளி. மேசை வாடகையையும் கழித்தபின், கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. 24 மணிகள் கொண்ட ஒரு மாலைக்கு அவள் செலவிட்ட ஆறு மணி நேர உழைப்பு எங்கே போயிற்று?

தோட்டத்தில் பால்மரம் வெட்டி அவளை வளர்த்த தாயார், கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் மரம் வெட்டிய காலத்தில் கிராணி கூலியைக் குறைத்ததுண்டு, அம்மா. ஒன்றுமே இல்லை என்று சொன்னதில்லை. உன் கூலியை நீயே வெட்டிக்கொண்டாயே!"

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்தது.

மணித்தொழில் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அங்கே ஏராளமான மணிகளும், மணி செய்தபோது எஞ்சிய கழிவுகளும் கிடைத்துள்ளன. அவள் சுற்றிச் செய்கிறாள். அவர்களோ கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்கினர். அவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டவர் ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். கிழக்காப்பிரிக்கா முதல் கொரியா வரை அவை பரவியிருந்தன. இந்நாட்டிலும், பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் மணிகள் செய்யப்பட்டதற்குச் சான்றுகள் உள்ளன. ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த இழுப்பு முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது.

நூற்றாண்டுகள் பல கடந்தும் அம்மணிகள் நிறம் மங்காமல் கிடைக்கின்றன. அவற்றைச் செய்த கைகளின் பெயரைத்தான் எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. செய்தவர் ஒருவர், விற்றவர் வேறொருவர். தானே செய்து, தானே விற்கும் இந்தப் பெண்ணுக்கோ, தன் உழைப்பைத் தானே எடுத்துரைக்கும் வாய்ப்பு இருந்தது. அதனை அவள் அதுவரை பயன்படுத்தவில்லை.

மூன்றாம் ஆண்டு அவள் மேசையில் ஓர் அட்டை நின்றது. அதில், 'கண்ணாடியும் எரிபொருளும் 40 வெள்ளி, செய்கூலி 70 வெள்ளி, சேதாரம் 10 வெள்ளி' என்று எழுதியிருந்தாள். அட்டைக்கு அருகே ஒரு கிண்ணத்தில் கீறல் விழுந்த மணிகள். வந்தவர்கள் நின்று படித்தனர். சிரித்துவிட்டுப் போனவர்கள் பலர். "கண்ணாடிக்குமா சேதாரம்?" என்று கேட்டவர்களிடம், கிண்ணத்து மணியொன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அன்றிரவு கடை கட்டும்போது ஐந்து மாலைகள் விற்றிருந்தன. முந்திய ஆண்டைவிடக் குறைவுதான். ஆனால், ஒவ்வொரு மாலையிலும் அவள் கூலி அவளுக்குக் கிடைத்திருந்தது.

பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே வணிகம் என்பது நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அது விற்பவருக்கு மட்டும் உரியதன்று, வாங்குபவருக்கும் உரியது. பிறர் உழைப்பையும் தம் உழைப்பாக எண்ணிப் பார்க்கும் வாங்குநர், விலை கட்டுப்படியாகாவிடில் வாங்காமற் போகலாம், அதில் தவறில்லை. 'வெறும் பாசிமணிதானே' என்று மட்டும் சொல்லமாட்டார். பெற்றோர் கூலிக்காகப் போராடிய கதையைக் கேட்டு வளர்ந்த சமுதாயம், தன் பிள்ளைகளின் கைக்கூலியை மறுக்கலாமா?