தேரிக்காட்டில் ஒரு கோடை நடை

கொற்கையைப் பார்த்துவிட்டு அப்படியே தேரிக்காட்டிலும் நடந்து வருவோம் என்று வீட்டில் எல்லோரையும் கிளப்பியவள் நான்தான்.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய சின்னக் கிராமம். தாமிரவருணி வண்டல் செய்த வேலை! 1968-69ல் அங்கே தோண்டியபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள். அந்தக் கதையில் மயங்கி நின்றதுதான் பிசகு.

குதிரைமொழித் தேரியில் கால் வைத்தபோது மணி 11. குங்குமத்தைக் கொட்டினாற்போல் மேடு மேடாகச் செம்மணல். இரும்பு ஏறிய சிவப்பு. ரசிக்க விட்டால்தானே? மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. கூஜாத் தண்ணீர் பாதி வழியில் காலி. சின்னவள் அழவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கருப்பட்டி காய்ச்சும் விடிலியிலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்தாள். "என்னம்மா, பச்சப்புள்ளைய இந்த வெயில்லயா கூட்டிட்டு வாரது?" என்று கடிந்துகொண்டே ஓலைப் பட்டையில் பதநீர் வார்த்தாள். குழந்தைக்குப் பேச்சு வந்தது. எனக்கு உயிர் வந்தது.

நீங்கள் போவதானால் முதல் நாளே திருச்செந்தூரில் தங்கிவிடுங்கள். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் நிழலைப் பிடித்துவிட வேண்டும். தேரி நடுவே சுனையும் மரங்களும் அங்கேதான். ஆளுக்கொரு பாத்திரம் தண்ணீர் கட்டாயம். ஆடிக் காற்றில் மணல் கண்ணைத் திறக்க விடாது. ஆகையால் ஆனிக்குள் போய்வருவது நல்லது.

கொற்கையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். கடல்தான் ஓடிப்போயிற்று, ஊர் அங்கேயேதான் இருக்கிறது.