சிவப்பு மையில் ஒரு பதிவு

என் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் மகன் கழித்துக் கொடுத்தது. விண்டோஸ் அதில் தவழ்ந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்து அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

"தாத்தா, இதுக்குக் காசு கிடையாது. அப்டேட் வந்தா மட்டும் தட்டிக் கழிக்காம போட்டுடுங்க."

காசு இல்லாமல் கிடைக்கும் எதன்மீதும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முப்பத்தாறு வருடம் வங்கியில் உட்கார்ந்தவனின் புத்தி. அதற்கேற்ப அடிக்கடி 'கெர்னல் அப்டேட்' என்று வந்து நின்றது. திறந்து படித்தால் பிழை திருத்தம், பாதுகாப்புத் திருத்தம் என்று பட்டியல் நீண்டது. போனில் கேட்டேன். "இத்தனை ஓட்டை இருக்கிற பாத்திரத்தையா என் தலையில கட்டின?"

சிரித்தான். "எல்லாப் பாத்திரத்துலயும் ஓட்டை இருக்கு தாத்தா. இதுல எங்க ஓட்டை, யாரு அடைச்சாங்கன்னு எல்லாத்தையும் வெளியில எழுதி வெச்சிருக்காங்க. வேணும்னா படிச்சுப் பாருங்க."

ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? படித்தேன். புரியாததைப் பேரனிடம் கேட்டேன்.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் மேலாளர் மாதிரி. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம், யாருக்கு எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் அதன் கையில். லினக்ஸ் கெர்னலை 1991-ல் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவர், வயது 21. இன்று உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கானோர் அதற்குத் திருத்தம் அனுப்புகிறார்கள். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. திருத்தம் எழுதியவர் கீழே தன் பெயரைப் போட வேண்டும். அதைச் சரிபார்த்துக் கைமாற்றுபவரும் போட வேண்டும். எங்கள் பேரேட்டில் பதிவு போட்டவர் ஒரு இனிஷியல், அதிகாரி ஒரு இனிஷியல் போடுவோமே, அதேதான். இது தெரிந்ததும் சந்தேகம் பாதி குறைந்தது.

அந்தப் பட்டியல்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது 2016 அக்டோபரில் வெளியான ஒரு பிழை. பெயர் 'டர்ட்டி கவ்', அதாவது அழுக்கு மாடு. மாட்டுப் படம் போட்டு ஒரு சின்னமே வைத்திருந்தார்கள். 'காப்பி ஆன் ரைட்' என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் மாடு வருகிறது. விஷயத்தை வங்கி பாஷையில் சொல்கிறேன்.

எல்லோரும் பார்க்கலாம், யாரும் எழுதக்கூடாது என்று ஒரு பேரேடு இருக்கிறது. ஒருவர் வந்து, "நான் இதில் எழுதிப் பார்க்க வேண்டும்" என்கிறார். குமாஸ்தா அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து, நகலில் எழுதித் தருவார். அசல் பத்திரமாக இருக்கும். இதுதான் ஏற்பாடு. இப்போது ஒரு போக்கிரி வருகிறான். ஒரு கையால் எழுதச் சொல்கிறான், மறு கையால் நகலைக் குப்பையில் போடச் சொல்கிறான். இரண்டையும் விடாமல், மாற்றி மாற்றி. குமாஸ்தா நகலை எடுத்துவிட்டு, "நகல் எடுத்தாச்சு, இனி எழுதலாம்" என்று மனதில் குறித்துக்கொள்கிறார். பேனாவைத் திறப்பதற்குள் நகல் போய்விடுகிறது. மேஜையில் இருப்பது அசல். அவர் அதிலேயே எழுதிவிடுகிறார்.

இந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். வழக்கமான பதிவேடுகளில் தடயமும் விழாது. ஃபில் ஓஸ்டர் என்பவர் தன் சர்வருக்குள் வந்துபோன போக்குவரத்தையெல்லாம் சேமித்து வைத்திருந்ததால்தான், யாரோ இதைப் பயன்படுத்தியது அகப்பட்டது. அதற்குள் ஒன்பது வருடம் அந்த ஓட்டை திறந்தே கிடந்திருக்கிறது.

திருத்தம் சில வரிகள்தான். எழுதுமுன் கையில் இருப்பது நகல்தானா என்று பார், அவ்வளவே. எழுதியவர் டோர்வால்ட்ஸ். திருத்தத்தோடு அவர் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். இது பழைய பிழை என்றும், பதினோரு வருடம் முன்பு தானே இதைத் திருத்த முயன்றதாகவும், அதை மோசமாகச் செய்ததாகவும், வேறு வகைப் பெரிய கம்ப்யூட்டர்களில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். அப்போது ஏட்டளவில் இருந்த ஆபத்து பின்னாளில் எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டதாம்.

உலகமே படிக்கிற இடத்தில், தன் பெயரைப் போட்டு, "நான்தான் சரியாகச் செய்யவில்லை" என்று எழுதுகிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு சிற்றூர்க் கிளையில் சேமிப்புக் கணக்குப் பேரேடு என் பொறுப்பு. ஒரே பெயரில் இரண்டு பெண்களுக்குக் கணக்கு இருந்தது. ஒருவர் பூக்கட்டி விற்பவர். அவர் கட்டிய முந்நூற்றைம்பது ரூபாயை நான் மற்றவர் பக்கத்தில் பதிந்துவிட்டேன். கூட்டம் அதிகம், பாஸ்புக்கை அப்புறம் கொண்டு வரச் சொல்லிவிட்டேன். வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், இந்த வகைத் தப்பு பேலன்ஸ் பார்க்கும்போது சிக்காது. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறையும். மொத்தம் அழகாகச் சரியாக வரும்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா பணம் எடுக்க வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். என்னைவிட மூத்த சக ஊழியர் ஒருவர் கவுண்டரில் இருந்தார். பேரேட்டைப் பார்த்துவிட்டு, "உங்க கணக்குல அவ்வளவு இல்லம்மா" என்றிருக்கிறார். "போட்டேனே சார்" என்று அந்த அம்மா குரல் உயர்த்த, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மகளின் பிரசவச் செலவுக்குத் தோட்டை அடகு வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் வாயில் என் சக ஊழியர் 'ஏமாத்துக்காரன்' ஆனார்.

திரும்பி வந்து பக்கத்தைப் புரட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு மையில் திருத்தி, காரணம் எழுதி, மேலாளரிடம் இனிஷியல் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்முகம். மெமோ வந்துவிடுமோ என்று பயம். ஒரு மாற்றுப் பதிவு போட்டு, மற்ற சீட்டுகளோடு சீட்டாக வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அந்த அம்மா மறுபடி வந்தபோது, "பணம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. அந்த ஆளுதான் இல்லன்னாரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சக ஊழியர் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். பதவி உயர்வு கிடைத்தது, வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

கணக்கைத்தான் சரி செய்துவிட்டோமே என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அழுக்கு மாட்டின் கதை 2016-ல் முடியவில்லை. 2017 நவம்பரில் வேறு சிலர், அந்தத் திருத்தமும் முழுமையில்லை என்று காட்டினார்கள். நினைவகத்தைப் பெரிய பெரிய பக்கங்களாகக் கையாளும் ஓர் இடத்தில் அதே போன்ற ஓட்டை மிச்சம் இருந்தது. அதையும் அடைத்து, அதையும் எழுதி வைத்தார்கள். உலகம் முழுக்க இத்தனை பேர் பார்த்துச் செய்த திருத்தத்திலேயே மிச்சம் இருக்கிறது என்றால், யாருக்கும் தெரியாமல் நான் தனியாகச் செய்த திருத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

சென்ற வாரம் அந்தச் சக ஊழியரின் எண்ணைப் பென்ஷனர் சங்க நண்பர் ஒருவரிடம் வாங்கிப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். மகள் போனைக் காதருகே பிடித்துக்கொண்டார். நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவளிடமும் இதை நான் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"என்னப்பா, அந்த மாத்துப் பதிவுல இருந்தது உன் கையெழுத்துதானே. எனக்கு அடுத்த வாரமே தெரியும்."

"ஏன் சார் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அப்புறம் நீ மாத்தலாகிப் போயிட்ட."

என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தேன். அவரே கேட்டார். "அந்தப் பூக்காரம்மாகிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் சத்தமாக, "இல்ல சார்" என்றேன்.

அந்த அம்மா இப்போது இருக்கிறாரா என்று தெரியாது. மகளுக்கு நாற்பது வயதில் ஒரு பிள்ளை இருக்கும். அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். பேரன் கூட வருகிறேன் என்றிருக்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் அப்டேட் வந்து நிற்கிறது. போட்டுவிடுகிறேன்.