அகேட் மோதிரம் என்ன விலை?

எங்க பாடாலூர் பக்கத்துல காரை இருக்கு. அங்க மண்ணுல கடல் உயிரினங்களோட புதைபடிவம் கிடைக்கும். கல்லு மேல எனக்கு ஆசை வந்தது அங்கதான். இப்போ அகேட் சேர்க்கிறேன். கோடு கோடா, கலர் கலரா... வெள்ளியில பதிச்சா சூப்பர்!

நொய்யல் கரைக் கொடுமணல்ல 2000 வருஷத்துக்கு முன்னாடியே அகேட், சூதுபவள மணிகள் செஞ்சாங்க. இன்னிக்கு இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் கம்பாத். கல்லைச் சூடாக்கி சிவப்பு ஏத்தி, சாணை பிடிப்பாங்க. அந்தத் தூசி நுரையீரல்ல படிஞ்சா சிலிகோசிஸ். குணமாக்க மருந்து இல்லை.

காமர்ஸ் படிக்கிறவன் கேட்கிறேன்: காஸ்ட் ஷீட்ல கல்லு, வெள்ளி, கூலி எல்லாம் வரும். போன மூச்சை எந்தத் தலைப்புல எழுதுறது?

தண்ணி விட்டு சாணை பிடிச்சா தூசி குறையும். அப்படிச் செஞ்ச கல்லுக்கு கூடுதல் விலை கொடுக்க நான் ரெடி. நீங்க?