தழும்பைக் காட்டு எண்டு கேட்டினம்

என்ர குஞ்சு,

இஞ்ச டென்மார்க்கில, ஹொல்ஸ்டெப்ரோவில காத்தும் மழையும்தான், அதை விடு. நீ போனில கேக்க நான் மழுப்பின விசயத்தை எழுதுறன். படிச்சிட்டுக் கிழிச்சுப் போடு. உன்ர மாமியின்ர கண்ணில படக்கூடாது.

இவருக்கு நேர்குடலில கட்டி. அது அம்பிட்டதே ஒரு கூத்து. இஞ்ச 50 வயசிலயிருந்து 74 வரைக்கும் எல்லாருக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கால் அரசாங்கம் தபாலில ஒரு சாமான் அனுப்பும். 2014 இல தொடங்கினது. வீட்டிலயே குச்சியால மலத்தைத் தொட்டுக் குழாய்க்குள்ள அடைச்சு அனுப்பவேணும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கோ எண்டு பாப்பினம். எங்கட மனிசன் ரெண்டு தரமும் அதைக் கலண்டருக்குப் பின்னால ஒளிச்சுப் போட்டார். "உதைத் தபால்காரன்ர கையிலயோ குடுக்கிறது?" மூண்டாந்தரம் நான் கக்கூஸ் கதவடியில காவல் நிண்டன்.

ரத்தம் இருந்துது. எங்கட ஊர் ஆஸ்பத்திரி 2022 இலயே ஹேர்னிங் பக்கம் கொட்ஸ்ட்ரூப்புக்குப் போட்டுதெல்லோ, கமரா விட்டுப் பாக்க அங்கதான் போனம். சின்னக் கட்டி, குடல்சுவரின்ர மேல்படையோட நிக்குது போலை எண்டினம்.

பெரிய ஒபரேஷன் எண்டால் நேர்குடலையும் சுத்தியிருக்கிற கொழுப்பையும் நிணமுடிச்சுகளோட எடுக்கவேணும். சிலருக்கு வயித்தில மலப்பை. பை இல்லாட்டியும் கக்கூஸ் சீவியம் மாறிப்போகும். அந்தக் கரைச்சலை அளக்க 2012 இல எங்கட ஓர்ஹூஸ் டொக்டர்மார் எம்மெர்ட்சனும் லௌர்பேர்க்கும் 5 கேள்வி எழுதி, 42 புள்ளிக்கு மார்க் போட்டிருக்கினம். 30 தொட்டால் பெரிய கரைச்சல். நேர்ஸ் அந்தத் தாளைக் காட்டி விளங்கப்படுத்த, மகள் தமிழில சொன்னவள். இஞ்ச பிறந்த பிள்ளை, மரியாதைச் சொல் எங்க தெரியும்? "அப்பா, குசு தானாப் போனா அடக்கேலாதாம்!" மனிசன் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தார். கக்கூஸ் எண்ட சொல்லையே வாயில எடுக்காத ஆளெல்லோ!

இவருக்குச் செய்தது வேற. வயித்தில கத்தியே வைக்கேல்லை. பின்வழியாலயே குழாயை விட்டு, கரியமிலவாயுவால குடலை ஊதி விரிச்சு, கமராவில பாத்துப் பாத்துக் கட்டியைச் சுத்திவரச் சுவரோட வெட்டி எடுத்துத் தைச்சுவிட்டினம். 1980களில ஜெர்மனியில கேர்ஹார்ட் பூஸ் எண்ட டொக்டர் கண்டுபிடிச்ச வழி. அவற்ற குழாய் 4 சென்டிமீட்டர் அகலம். (இதை இவருக்கு நான் முன்னமே சொல்லேல்லை.) அடுத்த நாளே வீட்டை வந்திட்டார்.

அதோட முடிஞ்சுது எண்டு நினையாதை. வெட்டின துண்டைத் தக்கையில ஊசி குத்தி விரிச்சு, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கு எண்டு பாப்பினம். ஆழமெண்டால் நிணமுடிச்சுக்குப் போயிருக்கலாம், பிறகு அந்தப் பெரிய ஒபரேஷன்தான். மறுமொழி வருமட்டும் எனக்குச் சோறு இறங்கேல்லை. மேலோட்டமாத்தான் இருந்ததாம், ஓரமும் சுத்தமாம். ஆனாலும் அடிக்கடி கூப்பிட்டுப் பாப்பினம்.

இனித்தான் பகிடி. ஹோர்லிக்ஸோட சனம் வந்து குவிஞ்சுது. ஒரு மனுசி, ஆரெண்டு உனக்கே விளங்கும், "தழும்பைக் காட்டுங்கோ தம்பி" எண்டு நிண்டா. இவர் சேட்டைத் தூக்கிக் காட்டினார், ஒண்டுமில்லை. கோயிலில போய், "உவருக்கு ஒபரேஷனுமில்லை ஒண்டுமில்லை, சீட்டுக்காசு கட்டாமல் தப்பப் பாக்கிறார்" எண்டு சொல்லியிருக்கிறா! இன்னொருத்தி, நகரசபை 1966 இல வாங்கி வச்ச, வண்டிலில நிக்கிற அந்த ஜாக்கொமெத்திப் பொம்பிளைச் சிலை மாதிரி வத்திப்போனார் எண்டாவாம். நீ வந்தநேரம் "இதுக்கு ஒருத்தரும் சாப்பாடு குடுக்கிறேல்லையோ" எண்டு கேட்டியே, அந்த வண்டில்காரிதான்.

உன்ர ஆளுக்கு ரத்தம் போறதெண்டு போன மாசம் சொன்னனி. மூலம் எண்டு களிம்பு பூசிக்கொண்டு இருக்கவிடாதை, டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ.

இப்ப இவர் ஆளே மாறிட்டார். கோயிலில தேர் இழுக்கிற நேரத்திலயும் ஆம்பிளையளைப் பிடிச்சு, "தபாலில வந்த சாமானைத் திருப்பி அனுப்பினனியளோ?" எண்டு கேக்கிறார். எனக்கும் போன கிழமை வந்தது. கலண்டருக்குப் பின்னால வச்சிருக்கிறன். அவருக்குச் சொல்லிப்போடாதை.

உன்ர,
பழைய வாங்குத் தோழி