பொய்க்கறையும் மெய்க்கறையும்

திருச்சிற்றம்பலம்



சித்தாந்த நூல்களைப் பயில்வோர் அவற்றுட் கூறப்படும் உவமைகளைப் பலகாற் படித்தும் கேட்டும் இருப்பர். ஆயினும், தம் கைப்பட ஒரு தொழிலைச் செய்து, அதன்கண் அவ்வுவமையின் உண்மையைக் கண்டு நாணும் பேறு சிலர்க்கே, அதுவும் காலந் தாழ்த்தே, வாய்க்கின்றது. அடியேனுக்கு அப்பேறு ஒரு சிறுவனுடைய விளையாட்டுப் புகைவண்டியால் வாய்த்தது. இத்தகைய செய்தியை இத்திங்கள் வெளியீட்டில் எழுதுதல் தகுமோ எனப் பலநாள் ஐயுற்றேன். குற்றஞ் செய்தவன் அதனை அடியார் கூட்டத்தின் முன் ஒளியாது உரைத்தல் நலமென்று துணிந்தே இதனை எழுதலுற்றேன்.

ஜெர்மனி நாட்டு நியூரன்பர்க் நகரத்தில் என் மகள் தன் கணவனோடும் மகனோடும் வாழ்கின்றாள். முதுமையில் யானும் அவர்களோடு உறைகின்றேன். ஜெர்மனியில் நீராவிப் புகைவண்டி முதன்முதலாக ஓடியது 1835ஆம் ஆண்டில், இந்நகரத்திற்கும் ஃபூர்த் நகரத்திற்கும் இடையேயாம். விளையாட்டுப் பொருள்களுக்கும் இந்நகரம் பெயர்பெற்றது. வீட்டுத் தோட்டத்தில், மழையிலும் பனியிலும் ஓடத்தக்க சிறு புகைவண்டிகளை 1968ஆம் ஆண்டில் இந்நகரத்து லேமன் நிறுவனத்தார் செய்து வெளியிட்டனர். அவற்றின் தண்டவாளங்களுக்கு இடையகலம் 45 மில்லிமீட்டர்; வண்டிகளின் அளவு மெய்யளவில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. அவ்வகையினதாகிய ஓர் இஞ்சின் என் பேரனுக்கு அவனது மூன்றாம் ஆண்டு நிறைவில் பரிசாக வந்தது. நான்கு சக்கரங்களும், இருமருங்கும் நீர்த்தொட்டிகளும் உடையது அது. ஆஸ்திரிய நாட்டு ஸ்டைன்ஸ் என்னும் ஊரின் கிளைப்பாதைக்கென 1892ஆம் ஆண்டில் லின்ஸ் நகரத்துக் கிரவுஸ் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட சிற்றிஞ்சினே அதற்கு மூலம்.

பேரனுக்கு ஏழு வயதான பின்னர் ஒருநாள், மாடத்தறையில் ஒரு பெட்டியுள் அவ்விஞ்சின் கிடக்கக் கண்டேன். பசிய உடல், சிவந்த சக்கரங்கள், எங்கும் பிளாஸ்டிக்கின் பளபளப்பு. கைப்பிடிக் கம்பிகள் சிறுவர் கைக்கு முறியாதபடி பருத்திருந்தன. நிலக்கரி இருக்குமிடத்தில் கரியின் வடிவாக வார்த்த ஒரு கறுப்புப் பலகை இருந்தது. குழந்தைக்கு அது நன்று. எனக்கோ, இதனை மெய்யான இஞ்சினே போலச் செய்துவிட வேண்டுமென்னும் வேட்கை எழுந்தது. சிறுவனைக் கேட்டேனல்லேன்; பெட்டியிற் கிடப்பது அவனுக்கு வேண்டாததே யென்று யானே தீர்ப்புச் செய்துகொண்டேன்.

அவ்வேட்கைக்குச் சித்தாந்தத்தையே துணையாக்கியும் கொண்டேன். உலகம் கானல்நீர் போலும் பொய்த்தோற்றமென்று கூறும் கொள்கை நம்முடையதன்று. மாயை உள்பொருள், அதனினின்று தோன்றும் உலகமும் உள்பொருள். உள்பொருளை உள்ளவாறு நோக்கி, அதற்கு ஒப்பாக ஒன்றைச் செய்தல் மெய்ம்மைக்குச் செய்யும் வழிபாடன்றோ? இங்ஙனம் எண்ணினேன். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர். இங்கே பிளாஸ்டிக் முதல், அரமும் தூரிகையும் துணை, நிமித்தம் யான். அந்த ‘யான்’ என்னுஞ் சொல் எத்துணை இனிதாய் என் நாவில் ஊறிற்று என்பதனை அப்பொழுது கருதிற்றிலேன்.

மெய்யான இஞ்சினைக் காணாது போலியைச் செய்தல் கூடாதாகலின், முதலில் இந்நகரத்துப் புகைவண்டிக் காட்சிச்சாலைக்குச் சென்றேன். ஆண்டுள்ள இஞ்சின்கள் துடைத்து மெருகிட்டு நிற்பவை. உழைப்பின் அடையாளம் அவற்றில் அரிது. ஆகவே, வடக்கே ஹார்ட்ஸ் மலைநாட்டு வெர்னிகெரோட நகருக்குச் சென்றேன். அங்கு மீட்டர்ப் பாதையில் நீராவி இஞ்சின்கள் இன்றும் பிரோக்கன் மலைமீது வண்டிகளை இழுத்தேறுகின்றன. இரண்டு நாள் நிலையத்தருகே நின்று நோக்கியதிற் பெரியதோர் உண்மை விளங்கிற்று: உழைக்கும் இஞ்சினின் கறைகளுள் ஒன்றேனும் காரணமின்றி அமைந்ததன்று. புகைபோக்கியின் பின்னே கூரையில் புகைக்கரி படிகின்றது. கொதிகலனின் கழுவுதுளைகளின் கீழ், நீரிலுள்ள சுண்ணம் வெள்ளிய கோடுகளாய் வழிந்து காய்கின்றது. தொட்டியில் நீர் வார்க்கும் வாயருகே வழிந்த நீர் துருவை வளர்க்கின்றது. தடைக்கட்டை உரைதலால் எழும் இரும்புத்தூள் சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் செம்பழுப்பாக்குகின்றது. இணைதண்டுகள் எண்ணெயால் கருமினுக்குக் கொள்கின்றன. ஓட்டுநர் நாடோறும் பற்றியேறும் கைப்பிடி ஒன்றே தேய்ந்து ஒளிர்கின்றது. வினையின்றிக் கறையில்லை, வினைக்கு ஏற்றவாறன்றி வேறுவிதமாய் அமைந்த கறையுமில்லை.

வீடு திரும்பி வேலை தொடங்கினேன். இஞ்சினைப் பகுதி பகுதியாகக் கழற்றினேன். பிசுக்கும் அழுக்கும் போகச் சாராயச் சத்தினால் ஒவ்வொரு பகுதியையும் கழுவினேன். வலப்புறத்து ஏறுபடியின் ஒரு மூலை முறிந்திருந்தது. முறிந்த வாயில் வெள்ளிய பொடி ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்போ மாவோ என்று எண்ணித் தூரிகையிட்டுத் தேய்த்துக் கழுவினேன். முறிந்த மூலையை அரத்தால் நேராக்கி, பித்தளைத் தகட்டினால் புதிய மூலை ஒட்டினேன். பருத்த கைப்பிடிகளை நீக்கினேன். மெய்யில் 30 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி இவ்வளவில் 1.3 மில்லிமீட்டரே ஆகும். அப்பருமனில் பித்தளைக் கம்பி வளைத்துப் பொருத்தினேன். கரிப்பலகையை எடுத்துவிட்டு, மெய்யான நிலக்கரியைச் சிறுதுண்டுகளாக உடைத்து நிரப்பினேன். ஒளிராத அடிப்பூச்சும், அதன்மேல் மங்கிய கருநிறமும் பூசினேன். இறுதியாக, மலையடியிற் கண்ட புகைக்கரி, துரு, எண்ணெய், சுண்ணக்கோடு அனைத்தையும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் மெல்லிய தூரிகையால் தீட்டினேன். ஓட்டத்தையும் திருத்தினேன். மணிக்கு 30 கிலோமீட்டர் செல்லும் வண்டி இவ்வளவில் நொடிக்கு 37 சென்டிமீட்டரே செல்லல் வேண்டும். அதற்குமேல் ஓடின் அது விளையாட்டே யன்றி வேறன்று.

இவ்வேலையின் நடுவே எனக்கு ஒரு சித்தாந்த உவமை நினைவு வந்து பேருவகை தந்தது. வண்ணான் ஆடையின் அழுக்கைப் போக்கச் சாணமும் உவர்மண்ணும் ஆகிய வேறு அழுக்குகளை அதன்கண் ஏற்றுகின்றான். பின்னர் எல்லாம் ஒருங்கே நீங்குகின்றன. அதுபோல இறைவன் மாயையின் காரியமாகிய உடல் கருவிகளைக் கூட்டி ஆணவ மலத்தைக் கழுவுகின்றான் என்று அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் விளக்குவர். யானும் துருவையும் கரியையும் ஏற்றியன்றோ பொய்ப்பளபளப்பைப் போக்கினேன்! ‘அழுக்கினால் அழுக்கை நீக்கும் நுண்மையை என் கை அறிந்தது’ என்று மகிழ்ந்தேன். உவமையின் ஒரு பாதியை மட்டும் யான் கண்டேன். வண்ணான் ஏற்றிய அழுக்கு பின்னர் நீங்குவது. யான் ஏற்றியதோ அங்கேயே தங்குவது. அதனையும் அப்பொழுது கருதிற்றிலேன்.

மற்றொன்றும் கண்டேன். ஸ்டைன்ஸ் பாதையின் மெய்யகலம் 760 மில்லிமீட்டர். அதனை இருபத்திரண்டரையால் வகுப்பின் 34 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இத்தண்டவாளமோ 45 மில்லிமீட்டர். பல நாட்டு வண்டிகளும் ஒரே பாதையில் ஓடுதல் வேண்டி அமைத்த ஏற்பாடு அது, குறையென்று கூறுதற்கில்லை. எனினும், மூலத்தோடு ஒப்பிடின் சக்கரங்கள் இயற்கையினும் அகன்றே நிற்கின்றன. என் அரமும் தூரிகையும் அதனை மாற்ற வல்லன அல்ல. மேலே படிந்ததை யான் நீக்கலாம், மேலே ஏற்றவும் செய்யலாம். தோன்றும்போதே உடன் அமைந்ததை யான் நீக்க இயலாது. செம்பிற் களிம்பு என்னும் உவமை ஒருகணம் என் நெஞ்சிற் பட்டது. பட்டும், அதனை இஞ்சினுக்கே உரைத்துவிட்டு, எனக்கு உரையாமல் கடந்தேன்.

ஆறு திங்கள் உழைத்து முடித்த அன்று, தோட்டத்துப் பாதையில் இஞ்சினை நிறுத்திப் பேரனை அழைத்தேன். அவன் வியந்து மகிழ்வானென்றும், ‘அம்மப்பா, இது உண்மையான இஞ்சின்!’ என்று கூவுவானென்றும் காத்திருந்தேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர்க் குனிந்து, வலப்புறத்து ஏறுபடியை விரலால் தடவினான்.

“அம்மம்மா பூசின திருநீறு எங்கே, அம்மப்பா?” என்று கேட்டான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளே விளக்கினாள். இஞ்சின் வந்த நாளில் அதனை நோய்ப்படுக்கையிலிருந்த தன் பாட்டிக்குக் காட்டுதற்குச் சிறுவன் அணைத்தெடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான், இடறி வீழ்ந்தான். முழந்தாள் சிராய்த்தது, இஞ்சினின் ஏறுபடி முறிந்தது. அவன் இரண்டிற்குமாக அழுதான். என் இல்லாள் படுக்கையிலிருந்தபடியே, தலைமாட்டிலிருந்த சம்புடத்தைத் திறந்து, திருவைந்தெழுத்தை ஓதி, அவன் முழந்தாளிலும் இஞ்சினின் முறிவிலும் திருநீறு பூசினாள். ‘இரண்டும் ஆறிவிடும்’ என்றாள். யான் அப்பொழுது வீட்டில் இல்லை. அவ்வாண்டிலேயே அவள் சிவபதம் அடைந்தாள். அதன்பின் சிறுவன் அவ்விஞ்சினை ஓட்டவில்லை. திருநீறு கொட்டிவிடாதிருக்கவே பெட்டியுள் வைத்தானாம். வேண்டாததென்று யான் தீர்ப்பிட்டது அதனையே.

அன்பர்களே! யான் செய்ததை எண்ணிப் பாருங்கள். அந்த இஞ்சின் மலையேறியதில்லை, கரி தின்றதில்லை, சுண்ணநீர் குடித்ததில்லை. அதன்மேல் இவற்றின் கறைகளை யெல்லாம் காரணம் ஆராய்ந்து தீட்டினேன். அவை வேறோர் இஞ்சின் செய்த வினையின் பயன்கள். ஒருவர் வினை அவரையே சென்று பற்றும், பிறரைப் பற்றாது என்று மேடையிற் பேசும் யான், பிறிதொன்றன் வினைக்கறையை இதன்மேல் ஏற்றினேன். இதற்கென்று மெய்யாய் அமைந்திருந்த கறை ஒன்றே ஒன்று: அந்த முறிவு. அதனை அரத்தால் அழித்தேன். பொய்யான சுண்ணக்கோட்டை வெண்ணிறத்தால் தீட்டிய இதே கை, மெய்யான திருநீற்றைச் சுண்ணாம்பென்று கழுவிற்று. நாடோறும் நெற்றியில் அணியும் நீற்றைக் கண் அறியவில்லை. ‘யான் அறிவேன்’ என்னும் எண்ணம் இடையே நின்று மறைத்தது. ஆணவம் இருளினும் கொடிது என்பர் ஆன்றோர். இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. ஆறு திங்கள் அது என் மேசையருகே என்னோடு அமர்ந்திருந்தது, யான் கண்டேனல்லேன்.

அன்றிரவே பித்தளை மூலையைப் பெயர்த்தெடுத்தேன். முன்னைய முறிவு அப்படியே மீளவில்லை. அரம் பட்ட இடம் நேராகவே நின்றது. பெயர்த்தது பெயர்ந்ததே. மறுநாட் காலை வழிபாடு முடிந்தபின் பேரனிடம் சென்று, “பிழை செய்துவிட்டேன், மகனே, உன்னைக் கேளாமற் செய்தேன்” என்றேன். அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்னர், அவன் பாட்டியின் சம்புடத்தைத் தானே எடுத்துவந்து, ஒரு சிட்டிகை நீறெடுத்து ஏறுபடியில் வைத்தான். எஞ்சியதை என் நெற்றியிற் பூசினான். என்னை மன்னித்தானோ, தன் பாட்டி செய்ததைத் தானும் செய்தானோ, அறியேன். யான் கேட்டிலேன்.

இப்பொழுது வேனிற்கால மாலைகளில் அவன் அவ்விஞ்சினை மெல்ல ஓட்டுகின்றான். யான் தீட்டிய துருவையும் கரியையும் அவன் வெறுக்கவில்லை. ‘இது எதனால் வந்தது?’ என்று ஒவ்வொன்றாய்க் கேட்டறிகின்றான். சக்கரங்கள் அன்றுபோலவே இன்றும் அகன்றே நிற்கின்றன. அதனை நோக்குந்தோறும், உடன்தோன்றிய குறையை ஒழிக்கும் வன்மை என் கைக்கு இல்லையென்பதும், அதற்குரிய நிமித்தன் வேறொருவன் உளன் என்பதும் நினைவிற்கு வருகின்றன. அவன் அழுக்கு ஏற்றுதலும் அறிந்தே, நீக்குதலும் அறிந்தே. அடியேன் இனித் திருநீற்றை எங்குக் காணினும், அதனை இன்னதென்று அறிதற்குமுன் கழுவாதிருக்க அவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்