சித்தப்பாவுக்குப் பேய் பிடிக்கவில்லை

முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு. மருத்துவச் சமூகவியல் வகுப்பில் அன்று குடிநோய் பாடம். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. அடுத்து வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அது என் சித்தப்பாவின் கதை.

சித்தப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சாக்கடை அடைப்பெடுப்பார். "குடிக்காம அந்த நாத்தத்துல எறங்க முடியாது பாப்பா" என்பார். ஒரு ஆடி மாதம், சித்தி அழுததற்காக மாரியம்மனுக்குக் காப்பு கட்டி ஒரே நாளில் குடியை விட்டார். மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கூட்டிப் போனோம். அவர் கையைப் பிடித்திருந்தவள் நான். மறுநாள் மருத்துவமனையில், "குடிகாரனா? ஓரமா படுக்க வை" என்றார்கள். விடிவதற்குள் போய்விட்டார். வயது 41.

"குடிச்சே செத்தான்" என்றது ஊர். அவர் குடியை நிறுத்தப் போய், சிகிச்சை இல்லாமல் செத்தார். தயமின் ஊசியும் வலிப்பைத் தடுக்கும் மருந்தும் எங்களுக்கு எட்டாத விலையில் இருப்பவை அல்ல. எட்டாமல் இருந்தது அந்த அறிவும், நோயாளி என்ற மரியாதையும்தான்.

ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

இன்று என் வேலையில் போதை மீட்பு மையங்களுக்குப் போகிறேன். எப்போது தொடங்கினாய், எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். என்ன வேலை செய்கிறாய், அந்த வேலை ஏன் உன் சாதிக்கே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. "மனசை உறுதியா வெச்சுக்கோ" என்று அனுப்புகிறார்கள். மறுநாள் காலை அதே குழி காத்திருக்கிறது. மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். குழியில் இறக்கியவர்களும் குடிக்கக் கொடுத்தவர்களும் தப்பித்துக்கொள்ள, "சேரிக்காரன்னா குடிப்பான்" என்ற பழி மட்டும் நமக்கு.

தோழர்களே, பொது சுகாதாரம் படியுங்கள். குடிநோயை ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். நம் தெருவிலிருந்து கேள்வி கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: தினமும் நிறையக் குடிக்கும் யாரையும் "இன்னையோட விடு" என்று அறையில் பூட்டாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணில் கேளுங்கள். கை நடுங்கினால், உளறினால் காத்திருக்காதீர்கள். யாராவது ஓரமாகப் படுக்க வைக்கச் சொன்னால், நகராமல் நின்று சண்டை போடுங்கள்.

அன்று எனக்கு அது தெரியவில்லை.