கேப்டனின் மாணவர்கள்

ஜாஸ் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கையில், சிகாகோவின் தெற்குப் பகுதியிலுள்ள டுசாபிள் உயர்நிலைப் பள்ளியின் பெயர் அடிக்கடி கண்ணில் படும். டைனா வாஷிங்டன், ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், ரிச்சர்ட் டேவிஸ் எல்லோரும் அங்கே படித்தவர்கள். இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் எப்படி என்று தேடிப்போனால் ஒரே ஆசிரியரிடம் வந்து நிற்போம்: வால்டர் டையட்.

ராணுவ பேண்டை நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. 1931-இல் வெண்டல் பிலிப்ஸ் பள்ளியில் சேர்ந்து, பிறகு டுசாபிளுக்கு வந்தார். கறுப்பின மக்களை நகரின் ஒரு மூலைக்குள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. பிள்ளைகளிடம் திறமை இருந்தது; வாத்தியம் வாங்க வழியில்லை. 'ஹை-ஜிங்க்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சியை மாணவர்களை வைத்தே நடத்தி, அதில் சேர்ந்த பணத்தைக் கொண்டு வாத்தியம் வாங்கினார் டையட். அவருடைய கண்டிப்பைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எனக்கு இந்தப் பணம் சேர்த்த கதைதான் பெரிது.

கிரிஃபின் சாக்ஸபோன் கேட்டு வந்தார். முதலில் கிளாரினெட் பழகு என்றார் கேப்டன். சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் விரல் வைப்பு ஏறக்குறைய ஒன்றே. கிளாரினெட்டில் அது மாறும்; துளைகளையும் விரல் நுனியாலேயே அடைக்க வேண்டும். அதில் தேறிய விரல்களுக்குச் சாக்ஸபோன் எளிது. 1945-இல் பள்ளி முடித்த கையோடு, 17 வயதில், லயனல் ஹாம்ப்டனின் குழுவில் சேர்ந்துவிட்டார் கிரிஃபின். பின்னாளில் அவர் வாசித்த வேகத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கிளாரினெட்டை நினைத்துக்கொள்வேன்.

திறமையுள்ள பிள்ளை தனியாகவே வளர்ந்துவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. ஜாஸ் குழுவில் பக்கத்து நாற்காலிக்காரரோடு மூச்சைச் சேர்த்து, எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். முறை வந்ததும் எழுந்து நின்று, எழுதாததை அந்த நொடியில் உருவாக்க வேண்டும். இந்த இரண்டையும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து கற்க முடியாது. குழு வேண்டும்; தவறினால் நிறுத்தித் திருத்த ஒருவர் வேண்டும்.

டையட் 1969-இல் காலமானார். உலகம் போற்றும் பாஸ் கலைஞரான ரிச்சர்ட் டேவிஸ், 1977-இல் நியூயார்க்கை விட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தினார். டையட்டின் மாணவர்கள் சாதித்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.